தொரை: படம் எடுத்த ஒரு சொல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், விடிந்த பிறகும் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் பையனுக்கென்று ஒரு வசனம் இருந்தது. "தொரை இன்னும் எந்திரிக்கலியா?" தேத்தண்ணியைப் படுக்கைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டால் போச்சு, "தொரைக்கு பங்களாவுல இருந்து அப்பு கொண்டாருவாரு, படுத்திரு" என்று அம்மாயி அடுப்படியிலிருந்தே சொல்லிவிடும். அப்பு என்றால் பங்களாச் சமையற்காரர். சிறுவயதில் எனக்கு அது வெறும் கேலி. எங்கள் அண்ணனுக்கு அட்டனில் கிளார்க் வேலை கிடைத்த பிறகுதான் அந்தச் சொல்லுக்குள் வேறு என்னவோ இருக்கிறது என்று உறைத்தது. முதல் நாள் அவன் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் கட்டி, கறுப்புச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் இறங்கினான். பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "அந்தா பாரு, பெரிய தொரை மலை பாக்க எறங்குது." எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். மறுநாளிலிருந்து சப்பாத்து சொப்பிங் பையில் போனது. மெயின் ரோட்டுக்குப் போய், பஸ் நிற்கும் இடத்தில்தான் போட்டுக்கொள்வான்.

தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்பவனைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பகட்டு, பவிசு, ஜம்பம், பந்தா, டாம்பீகம், படாடோபம், ஜபர்தஸ்து. இலங்கையில் எடுப்பு என்றும் சொல்வார்கள். சிங்களத்திலிருந்து வந்த லொக்கா என்ற சொல்லும் நம் வாயில் புழங்குகிறது. ஆனால் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்பது தொரைதான். "பெரிய தொரைன்னு நெனப்பு." "தொரை கணக்கா நடக்குறான்." "எங்கிட்ட தொரைத்தனம் காட்டாத." தோட்ட நிர்வாகியைக் குறித்த ஒரு பதவியின் பெயர் எப்படி ஒரு குணத்தின் பெயரானது என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் படாடோபத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். டாம்பீகம் வடமொழி தம்பத்திலிருந்து வந்தது, போலிப் பெருமை என்பது அதன் பொருள். ஜபர்தஸ்து பாரசீகச் சொல், மேலே ஓங்கிய கை. படாடோபத்தில்தான் ஒரு காட்சியே ஒளிந்திருக்கிறது. வடமொழியில் ஃபடா என்றால் பாம்பின் படம், ஆடோபம் என்றால் விரிந்து புடைப்பது. நாகம் தலையைத் தூக்கிப் படத்தை விரிக்கிறதே, அதுதான் படாடோபம். பஞ்சதந்திரத்தில் இதைப் பற்றி ஒரு சுலோகம் உண்டு. விஷம் இல்லாத பாம்பும் பெரிதாகப் படம் எடுக்கத்தான் வேண்டும்; விஷம் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், படத்தின் விரிவே பயங்காட்டும் என்கிறது அது. கல்யாண வீட்டு ஆடம்பரத்துக்கும் அமைச்சரின் வாகன வரிசைக்கும் இன்று சாதாரணமாகச் சொல்லும் இந்தச் சொல்லின் உள்ளே பயமுறுத்தும் வேலை ஒன்று இருக்கிறது. அழகுக்காக எந்தப் பாம்பும் படம் எடுப்பதில்லை. எதிரே நிற்பது தன்னைவிடப் பெரியது என்று தெரியும்போதுதான் எடுக்கும். தோட்டத்துத் துரையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, துரைக்கு வருவோம்.

எழுத்தில் துரை, பேச்சில் தொரை. குடை கொடையாவது, உலை ஒலையாவது போலத்தான் இதுவும். தெலுங்கில் இது தொர, கன்னடத்தில் தொரெ. தலைவன், ஆள்பவன், பிரபு என்பதுதான் பொருள். துரையின் மனைவி துரைசானி, தெலுங்கிலும் தொரசானி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதி, தமிழ்த் துரையைத் தெலுங்குச் சொல்லோடுதான் இணைத்துக் காட்டுகிறது. மதுரையைத் தெலுங்கு பேசிய நாயக்கர்கள் ஆண்ட காலத்தை நினைத்துப் பார்த்தால் அதில் வியப்பில்லை.

பலர் நினைப்பதுபோல இது வெள்ளைக்காரனுக்காகப் பிறந்த சொல் அல்ல. அவன் அதிகாரத்துக்கு வரும் முன்பே நம் பாளையக்காரர்களுக்கும் ஜமீன் வீட்டாருக்கும் உரிய பட்டம் அது. கட்டபொம்மனின் தம்பியை ஊமைத்துரை என்றுதான் இன்றும் சொல்கிறோம். 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியவர் பாண்டித்துரைத் தேவர். ஆனால் இதே கட்டபொம்மன் கதையில் இன்னொரு துரையும் வருகிறார். 1798இல் கட்டபொம்மனை இராமநாதபுரத்துக்கு வரவழைத்து அவமானப்படுத்திய கலெக்டர் ஜாக்சன். மக்கள் வாயில் ஜாக்சன் துரை. 1799இல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார், 1801இல் ஊமைத்துரையும். பாளையங்கள் வீழ்ந்தன. வீழ்ந்தவர்களின் பட்டம் வீழ்த்தியவர்களோடு ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டுத் தமிழில் துரைத்தனம் என்றால் அரசாங்கம் என்றே பொருள். துரைத்தனத்தார் உத்தரவு என்றால் சர்க்கார் உத்தரவு. இன்று "தொரைத்தனம் காட்டாத" என்று தம்பியை அதட்டும் அக்காவின் வாயில் ஒரு காலத்து அரசாங்கம் சுருங்கிக் கிடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

1820களில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் பக்கத்துச் சனங்கள் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த மூட்டைகளில் இந்தச் சொல்லும் இருந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அடுத்த இரண்டு வருடத்தில் கோப்பியை இலைநோய் பிடித்தது. சில ஆண்டுகளில் மலை முழுக்கத் தேயிலை. பயிர் மாறியது, துரை மாறவில்லை. தோட்ட நிர்வாகி பெரிய துரை, உதவி நிர்வாகி சின்னத்துரை. 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியிலேயே, வடக்கே சாகிப் என்பதற்குத் தெற்கே துரை, சோட்டா சாகிப்புக்குச் சின்னதுரை என்று பதிவாகிவிட்டது. சீமையிலிருந்து வந்து வேலை பழகும் வெள்ளைக்கார வாலிபனை அவர்களே கிரீப்பர் என்பார்கள், தவழ்கிறவன். நேற்று வந்து தவழ்கிறவனும், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்றால் துரைதான்.

இப்போது அந்தக் காட்சியைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். ஒரு தோட்டத்தில் சில நூறு பேர், பெரிய தோட்டமானால் ஆயிரத்துக்கும் மேல். அத்தனை பேருக்கும் மேலே ஒன்றிரண்டு வெள்ளைக்காரர். கையிலே தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் தொப்பி, அரைக்காற்சட்டை, முழங்கால் வரை மேசு (காலுறை), கையில் ஒரு பிரம்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் யார் யாருக்குப் பயப்பட வேண்டும்? அதனால்தான் படம் எடுக்க வேண்டியிருந்தது. பங்களாவை மலை உச்சியில் கட்டினார்கள், எல்லா லயத்திலிருந்தும் அது தெரியும். அதற்குப் போகும் பாதையின் இரு பக்கமும் பூச்செடி, முன்னால் வெட்டிவிட்ட புல்தரை. லயமோ பள்ளத்தில், முதுகோடு முதுகு ஒட்டிய பத்துக்குப் பன்னிரண்டடி அறைகள். துரை வரும்போது பாதையை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைக்க வேண்டும், சலாம் போட வேண்டும்.

குடை விஷயத்தை அம்மாயி பலமுறை சொல்லியிருக்கிறது. அடைமழையானாலும் துரை எதிரே வந்தால் குடையை மடக்கியாக வேண்டுமாம். குடை இல்லாதவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. கம்பளியைத் தலையோடு முதுகை மூடும் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நனைந்தபடியே நிற்பார்கள். "மழைக்குப் பயந்து மடக்கல. அவரு கண்ணுக்குப் பயந்து மடக்குனோம்" என்று சொல்லும்போது அம்மாயியின் கை, இல்லாத குடையை மடக்கிக் காட்டும். குடை தமிழ் அரசர்களின் சின்னம், வெண்கொற்றக்குடை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்ற பழமொழியின் வேரும் அங்கேதான். நடுராத்திரியில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. நான் குடை பிடிக்கத் தகுந்தவன் என்று காட்டத்தான் அந்தக் குடை. அந்தப் பழமொழியைப் படைத்தவர்கள் வந்த மலையில், மழைக்குக் குடை பிடிப்பதுகூட மேலே உள்ளவனின் உரிமையாகிவிட்டது.

இதைச் சொல்லும்போது, எல்லாம் வெறும் வேடம்தான், மக்கள்தான் ஏமாந்து பயந்தார்கள் என்று தோன்றிவிடக் கூடாது. இந்தப் பாம்புக்கு விஷம் இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டப்படி, முன்னறிவிப்பில்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். போதாததற்குத் துண்டு முறை. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய அந்தச் சின்னக் காகிதம் இல்லாமல் இன்னொரு தோட்டம் வேலை தராது. கடனைத் தீர்க்கிற புதிய தோட்டத்துக்கு ஆளும் கடனும் சேர்ந்தே கைமாறும். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். ஆனால் பொலிசும் நீதவானும் இருப்பது டவுனில்; தினமும் காலை ஆறு மணிக்கு அவர்களைக் கூட்டிவர முடியாது. அன்றாடம் ஆளை அடக்கியது தொப்பியும் பிரம்பும் பங்களாவும்தான். காட்டிக்கொள்வது அங்கே ஒரு மனிதனின் சுபாவமாக இருக்கவில்லை, நிர்வாகத்தின் பாதி வேலையே அதுதான்.

ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்து வேலை வாங்கிய பெரிய கங்காணியின் பகட்டுக்கும் இதே கணக்கு உண்டு. கோட்டு, சரிகைத் தலைப்பாகை, காதில் கடுக்கன், கையில் பூண் போட்ட தடி. இந்தக் கோலத்தில் அவர் ஊருக்குப் போய் இறங்கினால், பஞ்சத்தில் கிடக்கும் கிராமத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வந்த கதை இன்றும் எல்லாத் தோட்டத்திலும் சொல்லப்படுகிறது. அந்த வார்த்தையை ஊர்ச் சனம் நம்பியதற்குப் பாதிக் காரணம், சொன்னவர் காதில் மின்னிய கடுக்கன். துரையின் படம் பயமுறுத்த, கங்காணியின் படம் ஆசை காட்ட. ஆனாலும் கங்காணியை நம் ஆட்கள் பழமொழியாக்கவில்லை. "கங்காணி மாதிரி நடக்காத" என்றால் மேய்க்காதே, வேவு பார்க்காதே என்றுதான் பொருளாகும். உச்சியில் இருந்தவன் பெயரைத்தான் பகட்டுக்கு வைத்துக்கொண்டார்கள்.

இந்த உறவு இலக்கணத்தில் எப்படிப் படிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். தோட்டத்துக்கு வரும் வெள்ளைக்கார வாலிபன் தமிழ் படித்தாக வேண்டும். அவனுக்காகக் கொழும்பில் அச்சான கைநூல் ஒன்றின் தலைப்பே 'இங்கே வா'. வாங்க அல்ல, வாருங்கள் அல்ல. வா, போ, எடு, வெட்டு. தகப்பன் வயதுக்காரரையும் ஒருமையில் அழைப்பதற்கான தமிழைத்தான் அவன் கற்றான். எதிர்ப்பக்கத்திலிருந்து போன தமிழோ முழுக்க மரியாதை: சலாங்க, ஆமாங்க தொரை, சரிங்க தொரை. ஆனால் தனியாக இருக்கும்போது? கோப்பிக் காலத்துப் பாட்டொன்று இன்றும் பாடப்படுகிறது. மலையேறிப் பழம் பறிக்கையில் ஒரு பழம் தப்பிவிட்டது, அதற்காகச் சின்னத்துரை உதைத்ததைச் சொல்லும் பாட்டு. அதிலே வரும் வினையைக் கவனியுங்கள். உதைச்சாரு என்று வராது. உதைச்சான். பெரட்டுக்களத்தில் ஒருநாளும் சொல்ல முடியாத விகுதி, பாட்டுக்குள் சொல்லப்பட்டுவிட்டது. தொரை என்ற சொல் கேலியாக மாறத் தொடங்கியது அங்கேதான் என்பது என் எண்ணம். முகத்துக்கு நேரே மரியாதை, முதுகுக்குப் பின்னால் உண்மை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால் காட்டிக்கொடுக்கவும் ஆளில்லை. சிரிக்காமல் சொன்னால் வணக்கம், சிரித்துச் சொன்னால் வேறு.

வெள்ளைக்காரனாகப் பிறந்தும் இந்தச் சொல்லுக்கு வெளியே போன ஒருவரும் உண்டு. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் 1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வேலை பழக வந்தவர். மடுல்கலைப் பக்கம் ரெலுகஸ் தோட்டத்தில் கிரீப்பராக இருந்தார். தொழிலாளர் பக்கம் பேசியதால் வேலை போனது. 1937 ஏப்ரல் 3ஆம் தேதி நாவலப்பிட்டியில் நடந்த இடதுசாரிச் சமசமாஜக் கட்சிக் கூட்டத்தில் மேடையேறி, மலைமேல் இருக்கும் வெள்ளைப் பங்களாக்களைக் காட்டித் தோட்டத் துரைமாரைத் தாக்கிப் பேசினார். கூட்டம் அவரைப் பார்த்துச் "சாமி, சாமி" என்று கூவியதாக அன்றைய அறிக்கை சொல்கிறது. அத்தனை பேர் வாயிலும் தயாராக இருந்த தொரை என்ற சொல் வரவில்லை. சாமி என்பதில் பக்தி இருக்கலாம், தாழ்மையும் இருக்கலாம், ஆனால் அதைப் படம் விரித்தவனுக்குச் சொல்லவில்லை. அதே மாதம் ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

1972 காணிச் சீர்திருத்தமும் 1975இன் திருத்தச் சட்டமும் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1992 முதல் கம்பனிகள் நிர்வாகத்தை எடுத்தன. வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறிப் பல வருடம். பங்களாக்களில் சில இன்று சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதிகள். நிர்வாகி சிங்களவராக இருப்பார், தமிழராகவும் இருப்பார்; அவர் பெயர் இன்னமும் பெரிய துரைதான். சட்டங்களால் நிலத்தின் சொந்தக்காரரை மாற்ற முடிந்தது. பெரட்டுக்களத்துச் சொல்லை மாற்ற முடியவில்லை.

அன்பிலும் இந்தச் சொல் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். செல்லத்துரை, அப்பாத்துரை, சின்னத்துரை, துரைசாமி, துரைராஜ் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். தூளியாட்டும் தாய் "என் ராசா, என் தொரை" என்கிறாள். தன் பிள்ளை இன்னொருவனை மேய்க்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. யாரையும் கண்டு குடையை மடக்காதவனாக வளர வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

அப்புறம் எப்படி அதே பிள்ளை வளர்ந்து, படித்து, சப்பாத்துப் போடும்போது அந்தச் சொல் கல்லாக வந்து விழுகிறது? இங்கேதான் எனக்கு மனம் ஆறவில்லை. மேலே இருந்தவனை அளக்க நம் ஆட்கள் ஒரு அளவுகோல் வைத்திருந்தார்கள். நேரே காட்ட முடியாததால் அதைப் பக்கத்து வீட்டுப் பையன் மேல் வைத்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். உயர்தரம் பாஸ் பண்ணியவள் இங்கிலீசில் நாலு வார்த்தை பேசினால் துரைசானி. கொழும்பில் கடை வேலைக்குப் போனவன் தீபாவளிக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தால் தொரை. வெளியே போனால் இதே பிள்ளைகளைத் தோட்டக்காட்டான் என்கிறார்கள். உள்ளே வந்தால் நாமே தொரை என்கிறோம். அங்கே தாழ்ந்தவன், இங்கே மிதப்பவன். நிமிர்ந்து நிற்க அவனுக்கு இடம் எங்கே?

படாடோபத்தின் பாம்பை வைத்தே பார்ப்போம். படம் என்றால் அது எதிரே நிற்பவனைப் பின்வாங்க வைக்க வேண்டும். என் அண்ணனின் சப்பாத்தைப் பார்த்து யார் பாதையை விட்டு ஒதுங்கினார்கள்? யார் துண்டை அவிழ்த்தார்கள்? கல்யாணத்துக்குக் கடன் வாங்கி ஐந்நூறு பேருக்குச் சோறு போட்டு, அந்தக் கடனை மனைவியின் கொழுந்துச் சம்பளத்தில் கட்ட வைப்பவனைத் தொரை என்று சொல்லுங்கள், பொருந்தும். ஓட்டு வாங்கிப் போய்விட்டு, அடுத்த தடவை பொன்னாடையும் மேளமும் இல்லாமல் தோட்டத்துக்குள் கால் வைக்காதவரைச் சொல்லுங்கள், இன்னும் நன்றாகப் பொருந்தும். சம்பளத்தில் வாங்கிய சப்பாத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது.

அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டான். போன தைப்பொங்கலுக்கு நான் போனபோது கேட்டேன், ஏன் அந்தக் காலத்தில் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனாய் என்று. பாதை சேறுடா, பொலிஷ் போயிரும் என்றான். எங்கள் லயத்திலிருந்து மெயின் ரோடு வரை அப்போதே கல் பதித்த பாதை.